கிருமி இல்லாத அழற்சி

வணக்கங்க ஐயா,

பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறேன். வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ, இடுப்பு 97 செ.மீ. குண்டென்று யாரும் சொல்வதில்லை. காய்ச்சல், சளி எதுவுமில்லை. ஆனாலும் அழற்சியைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனையில் 4.1 வந்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பில் அழற்சி என்கிறார் டாக்டர். கிருமியே இல்லாத இடத்தில் எதிர்ப்பணுக்களுக்கு என்ன வேலைங்க? மாத்திரையில் அடக்க முடியாதா? வீட்டில் கொள்ளு ரசமும் மஞ்சள் பாலும் தருகிறார்கள்.

ச., பல்லடம்

அன்புள்ள ச.,

செத்த அணுவை அப்புறப்படுத்துவதும் எதிர்ப்பணுக்களின் அன்றாட வேலைதான். கொழுப்பணு ஓர் அளவுக்கு மேல் உப்பினால் நொந்து, எம்சிபி-1 போன்ற வேதிச் செய்திகளை விடுகிறது, கடைசியில் சாகிறது. அதைத் தின்ன வரும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பணுவை விட உள்ளிருக்கும் எண்ணெய்த் துளி பல மடங்கு பெரிது. ஒரே வாயில் விழுங்க முடியாது. அதனால் பல மேக்ரோஃபேஜ்கள் வட்டமாகச் சூழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன. பருத்த உடலின் கொழுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலான மேக்ரோஃபேஜ்கள் இப்படிச் செத்த அணுக்களைச் சுற்றியே இருப்பதாக 2005ல் காட்டினார்கள்.

முதலில் வருவது அவையாகவும் இருக்க வேண்டியதில்லை. எலிகளில் சிடி8 வகை டி செல்கள் என்ற வேறு எதிர்ப்பணுக்கள் முன்னே நுழைந்து மேக்ரோஃபேஜ்களை அழைக்கின்றன (2009). அழற்சியை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களோ வயிற்றுக் கொழுப்பில் குறைந்துபோகின்றன.

மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சி வேதிப்பொருள் பக்கத்துக் கொழுப்பணுவில் இன்சுலின் பேச்சை எடுபடாமல் செய்கிறது. அந்த அணு பிடித்து வைத்திருந்த கொழுப்பமிலம் ஒழுகி, குடலைச் சுற்றிய கொழுப்பென்றால் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கூடவே சுரக்கும் ஐஎல்-6 என்ற இன்னொரு வேதிப்பொருள்தான் கல்லீரலை சிஆர்பி என்ற புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது. நீங்கள் பார்த்த 4.1 அங்கிருந்து வந்தது.

டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் முடக்குவாதத்துக்கு உண்டு. சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏமாற்றமே. உறங்கும் காசநோயைக் கிளப்பும் ஆபத்து வேறு. மேக்ரோஃபேஜை வில்லனாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. கொழுப்பைக் கையாள அதற்கு உதவும் ட்ரெம்-2 என்ற புரதத்தை நீக்கிய எலிகளில் கொழுப்பணு இன்னும் பெருத்து, சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது (2019). குறைக்க வேண்டியது கொழுப்புச் சுமையை.

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23.4. இந்தியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை. ஆண்களுக்கு இடுப்பு வரம்பு 90 செ.மீ. தோலடியில் சேர்க்க இடம் போதாதபோது கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேர்வதால் எடையை நம்பிப் பயனில்லை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப் வைத்து அளந்ததுதானா அந்த 97? பேண்ட் அளவென்றால் திரும்ப அளங்கள்.

சிஆர்பியையும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். ஈறு வீக்கம், ஆறாத புண், பீடி, பஞ்சுத் தூசி இருமல் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிஆர்பி 10ஐத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும்.

கொள்ளு நல்லதுதான். ஆனால் ரசமாக இறுத்தால் புரதத்தில் பெரும்பங்கு பயறோடு நின்றுவிடும். கடைந்து சாப்பிடுங்கள், அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்து. ஈரோட்டு மஞ்சளானாலும் அரை ஸ்பூனில் அதன் வேலைசெய்யும் பொருளான குர்குமின் சில பத்து மில்லிகிராம்தான், அதிலும் உடலில் சேர்வது சொற்பம். பாலில் போடும் சர்க்கரையை நிறுத்துவது அதைவிடப் பலன் தரும். ராத்திரி ஷிப்டின் பேக்கரி டீயும் தேங்காய் பன்னும் கணக்கில் வரட்டும்.

இலக்கு 3 முதல் 6 கிலோ, வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பட்டினியில் முதல் சில நாட்கள் கொழுப்பு வேகமாகக் கரையும்போது எலிகளின் கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ்கள் கூடவே செய்தன, பிறகுதான் குறைந்தன. அந்த நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

அடுத்த முறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கல்லீரல் பரிசோதனை இரண்டையும் சேர்த்தே எடுங்கள். உங்கள் சிகிச்சையை முடிவு செய்யப்போவது சிஆர்பியை விட அவைதான்.