ஜாஸ் பகிர ஆசையா? முதலில் ஒரே பாட்டை முழுசாகக் கேளுங்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தைத் தற்செயலாகக் கேட்டதிலிருந்து ஜாஸ் பைத்தியமாகிவிட்டேன். அதில் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டை ஒரு படத்தோடு யூடியூபில் ஏற்றினேன். உடனே காப்புரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. “60 வருஷம் தாண்டினால் யாரும் போடலாம்” என்கிறான் நண்பன். ஜாஸை எப்படிக் கேட்பது, எப்படிப் பகிர்வது?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: பயப்பட வேண்டாம். உங்களுக்கு வந்தது ‘கன்டென்ட் ஐடி’ கோரிக்கை, அதாவது யூடியூப் தானாகவே பாட்டை அடையாளம் கண்டு உரிமையாளர் சார்பில் எழுப்புவது. அதனால் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது. உரிமையாளர் முறைப்படி புகார் செய்து வீடியோவை நீக்கவைத்தால் வரும் ‘ஸ்ட்ரைக்’தான் ஆபத்து. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலையே இழக்கலாம். அந்த நிலைக்குப் போகுமுன் வீடியோவை நீங்களே எடுத்துவிடுங்கள்.

நண்பர் சொன்னது பாதி சரி. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 வருட உரிமைதான். 1959-ல் வந்த இந்தப் பதிவுக்கு அது 2019 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. இசையமைத்தவர் மறைந்த பிறகும் அது 60 வருடம் நீடிக்கும். டேவிஸ் மறைந்தது 1991-ல் என்பதால் 2051 வரை கணக்கு ஓடும். அமெரிக்காவிலோ ஒலிப்பதிவுக்கே 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு. ‘பத்து நொடி போட்டால் தப்பில்லை’ என்பதும் வெறும் பேச்சு. இரு நாட்டுச் சட்டத்திலும் அப்படி நொடிக் கணக்கு கிடையாது.

அதனால் பாட்டை ஏற்றாதீர்கள். அதிகாரப்பூர்வ இணைப்பைக் கொடுத்து, எந்த நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். கேட்பவருக்கு உண்மையில் உதவுவதும் அதுதான். அப்படி எழுத, முதலில் நீங்கள் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஹெட்போன் கட்டாயம். ‘ஸோ வாட்’டில் மெட்டை வாசிப்பது பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ். செல்போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஒலி எழும்பாது. மற்றவர்கள் தரும் இரண்டு சுரப் பதில் மட்டும் காதில் விழும், மெட்டே இல்லாதது போலிருக்கும். “இதில் என்ன இருக்கிறது?” என்று பலர் கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஸ்பீக்கர்தான்.

முதல் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை விரல்விட்டு எண்ணுங்கள். நான்கு எண்ணிக்கை ஒரு பார், எட்டு பார் ஒரு பகுதி, நான்கு பகுதி சேர்ந்தால் ஒரு சுற்று. நம் ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் பகுதியில் மட்டும் எல்லாமே அரைச் சுரம் மேலே ஏறும். எண்ணிக்கை தவறினால் பதறாமல் அந்த ஏற்றத்துக்குக் காத்திருங்கள். அங்கே மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை, யார் எங்கே நுழைகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி அடிப்பார். அந்த ஓசை அடங்குவதற்குள் டேவிஸின் டிரம்பெட் தொடங்கிவிடும். அவருக்கு இரண்டு சுற்று. அடுத்து டெனார் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, ஆல்டோவில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. புதியவர்கள் குழம்புவது இரண்டு சாக்ஸபோன்களில்தான். ஆல்டோ சுருதி உயர்ந்தது. ஆடர்லியின் வாசிப்பும் துள்ளிக்கொண்டு போகும்.

பெயர்களில் கவனம் தேவை. இதே ஆல்பத்தின் ‘ஃபிரெடி ஃபிரீலோடர்’ பாட்டில் பியானோ எவன்ஸ் அல்ல, விண்டன் கெல்லி. ‘புளூ இன் கிரீன்’ பாட்டில் ஆடர்லி இல்லை. ஆப் காட்டும் ஆண்டு பல நேரம் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும். பதிவான நாட்கள் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. ‘ரிலாக்ஸிங் ஜாஸ்’ என்று ஆப் தானாகத் தள்ளும் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். வாசித்தவர் பெயரே தெரியாவிட்டால், பிடித்த ஒருவரைத் தேடிப் போக வழியில்லை.

கீபோர்டில் கூடவே வாசிக்கும் எண்ணமிருந்தால் ஒரு எச்சரிக்கை. மார்ச் 2 அன்று பதிவுசெய்த ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி உயர்ந்துவிடும் என்பதால், பழைய எல்பி இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டும் ஏறக்குறையக் கால் சுரம் ஏறி ஒலிக்கும். 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். சுருதி சேராவிட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்காமல் வேறு பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

பாட்டையே ஏற்றியாக வேண்டுமென்றால் 1923-க்குப் போங்கள். பழைய ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் குழு அந்த ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜென்னெட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘சைம்ஸ் புளூஸ்’ நல்ல தொடக்கம். மைக் வராத காலம். ஒலியைப் பிடிக்கும் பெரிய குழலின் வாய்க்கு முன் நின்று வாசித்தார்கள். 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முதல் பதிவான தனி வாசிப்பு இதில்தான். ஒலிப்பதிவு உரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1-ல் முடிந்தது. மெட்டும் ஆலிவருடையது, அவர் 1938-லேயே மறைந்துவிட்டதால் இந்தியாவிலும் தடையில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடங்களில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ‘78 ஆர்பிஎம்’ இசைத்தட்டிலிருந்து நேரடியாக எடுத்த பதிவைத் தேடுங்கள். நவீன நிறுவனங்கள் இரைச்சல் நீக்கி விற்கும் சிடியிலிருந்து எடுக்காதீர்கள். அப்படியும் கன்டென்ட் ஐடி தவறாகப் பிடித்தால், பதிவான ஆண்டு, நிறுவனம், ஆலிவர் மறைந்த ஆண்டு, எந்தத் தட்டிலிருந்து எடுத்தீர்கள் ஆகியவற்றை எழுதி மறுப்பு அனுப்புங்கள். பதில் சொல்ல, கோரிக்கை எழுப்பியவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு.