2.8 சராசரிக்காக ஓய்வுக்கால நிதியை உடைக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். எனக்கு வயது 51. மகள் உயிரியலில் பட்டம் பெற்றுவிட்டாள். அவள் கல்லூரியில் சேர்ந்த சமயம் அவள் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.3. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 3.3க்கு ஏறினாள். மொத்தம் 2.8. மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புதான் வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மருத்துவ அறிவியல் முதுகலை முடித்தால் இடம் கிடைக்கும் என்கிறார்கள். கட்டணம் 40,000 டாலர். அலுவலகம் வழியாகச் சேர்த்த என் 401(கே) ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் மகளின் ஆசையைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆசை நிறைவேற வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பணம். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் 401(கே)யில் கை வைத்தால் 10 சதவீதம் அபராதம். ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் உயர்கல்விக்குக் கிடைக்கும் அபராத விலக்கு இதில் கிடையாது. நீங்கள் 22 சதவீத வரிப் படியில் இருந்தால், 40,000 எடுக்கும்போது அபராதம் 4,000, கூட்டாட்சி வரி 8,800. கையில் நிற்பது 27,200. மாநில வரி வேறு. கட்டணத்துக்கே போதாது.

இனி மதிப்பெண். விண்ணப்பங்களைத் தொகுக்கும் காஸ்பா அமைப்பு முதுகலை மதிப்பெண்ணைத் தனியாகக் கணக்கிடுகிறது. மொத்தச் சராசரியில் அது சேரும். இளநிலைச் சராசரி 2.8 அப்படியே நிற்கும். பட்டத்துக்குப் பிறகு கம்யூனிட்டி கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ எடுக்கும் இளநிலைப் பாடங்கள் இரண்டு சராசரியையும் உயர்த்தும். போட்டுப் பார்ப்போம். 120 கிரெடிட்டுக்கு (பாட அளவின் அலகு) 2.8 என்றால் 336 புள்ளிகள். இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ (4 புள்ளி) வாங்கினால் 120 புள்ளிகள் கூடும். 456ஐ 150ஆல் வகுத்தால் 3.04. பல கல்லூரிகள் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கவே கேட்கும் குறைந்தபட்சம் 3.0. கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. அங்கே அவள் கணக்கு 3.6ஐ ஒட்டி வரும். இடம் பெறுபவர்களின் சராசரியும் கிட்டத்தட்ட அதுதான்.

கிரெடிட்டுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 30 கிரெடிட்டுக்கு 6,000 டாலர்தான். உங்கள் வருமானம் வரம்புக்குள் இருந்து, மகள் இன்னும் உங்கள் வரிக் கணக்கில் இருந்தால், வாழ்நாள் கற்றல் வரிச் சலுகையில் அதில் 20 சதவீதம், அதாவது 1,200 டாலர், திரும்பி வரும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பாடத்தில் டி வாங்கித் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் காஸ்பா இரண்டையுமே கணக்கில் எடுக்கும். ஆகவே சி-க்குக் கீழே போனதை மட்டும் திரும்ப எடுக்கட்டும். மற்றபடி உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல் போன்ற புதிய பாடங்களே நல்லது. கம்யூனிட்டி கல்லூரிப் பாடங்களை ஏற்பார்களா என்பதைக் குறிவைக்கும் ஒவ்வொரு கல்லூரியிடமும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு, முதுகலைப் படிப்புச் செலவுக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. முதுகலை மாணவருக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. தொழில்முறைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 உண்டு. ஆனால் கல்வித் துறையின் விதியாக்கக் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட பட்டியலில் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு இடம்பெறவில்லை. அந்தப் படிப்போ சுமார் 27 மாதம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். படிக்கும்போது வேலைக்குப் போவதைப் பெரும்பாலான கல்லூரிகள் விரும்புவதில்லை. இப்போது அந்த ஓராண்டு முதுகலைக்குக் கூட்டாட்சிக் கடன் வாங்கினாலும் அது இதே ஒரு லட்சத்தில்தான் கழியும். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன். அதற்கு இணைக் கையெழுத்து உங்களிடம்தான் கேட்பார்கள். உங்கள் கடன் தகுதியும் சேமிப்பும் தேவைப்படப் போவது அன்றைக்கு.

இடைப்பட்ட காலத்தில் ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாகவோ (அவசர மருத்துவப் பணியாளர்) மருத்துவ உதவியாளராகவோ அவள் வேலைக்குப் போகலாம். பயிற்சி சில மாதங்கள்தான். பல கல்லூரிகள் 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ நோயாளிகளோடு நேரடி அனுபவம் கேட்கின்றன. சம்பளத்தோடு அதுவும் சேரும். அப்பா படுக்கையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளை மறைக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டுரையில் மூன்று வரியில் சொல்லிவிட்டு, பிறகு ஏறிய மதிப்பெண்ணைக் காட்டட்டும்.

2024 மே மாதத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி இந்தத் தொழிலின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,33,260 டாலர். ஓராண்டு தாமதமானாலும் நஷ்டமில்லை. காஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கிறது. வரும் விண்ணப்பங்களைப் பல கல்லூரிகள் வரிசையாகப் பார்த்தே இடம் தருவதால் முதல் சில வாரங்களுக்குள் அனுப்புவது முக்கியம். முதல் கல்லூரிக்குச் சுமார் 180 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 60க்கு மேல் கட்ட வேண்டும். 3.0 என்று எழுதியே வைத்திருக்கும் கல்லூரிகளாகப் பார்த்து எட்டோ பத்தோ போதும். 30 கிரெடிட் முடியும் முன்பு இந்தப் பணத்தையும் செலவழிக்க வேண்டாம்.