வேலிக்குள் வீடு இருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகத் தலைவர்கள் கூடும் மாநாடுகளின்போது அந்தந்த நகரத்து மக்கள் படும் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது நாட்டுத் தலைவர்கள் ஓர் ஊரில் இருக்கும்போது சின்ன அசம்பாவிதம் நடந்தாலும் அது எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக இரண்டு மூன்று நாள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போவதும், கடையை அடைத்து வைப்பதும் பெரிய தியாகமா? மாரத்தான் ஓட்டத்துக்குத் தெருவை மறித்தால் பொறுத்துக்கொள்கிறோம் அல்லவா? புலம்புகிறவர்கள் எதற்கும் புலம்புவார்கள். இவர்களுக்காக மாநாட்டை ஆளில்லாத மலையில் போய் நடத்த வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காவலே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் ஜி-8 எனும் எட்டுப் பெரிய தொழில் நாடுகளின் தலைவர்கள் கூடியிருந்தபோதுதான் லண்டனில் சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் இறந்தார்கள். ஆபத்து கற்பனை இல்லை. செத்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மாநாடு நடந்த நகரங்களில் மக்கள் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். வேலியே கூடாது என்றவர்கள் குறைவு. வேலி எங்கே தொடங்குகிறது, அதன் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும், இதை எங்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

கனடாவின் டொராண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூன் 26, 27 தேதிகளில் அங்கே ஜி-20 நடந்தது. நகரத்தின் நடுவில் மூன்று மீட்டர் உயரத்துக்குக் கம்பிவேலி எழுந்தது. குப்பைத் தொட்டிகளும் அஞ்சல் பெட்டிகளும் காணாமல் போயின. பல்கலைக்கழகம் தன் நகர வளாகத்தை மூடியது. உள்ளூர் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களை எதிரணியின் ஊரான பிலடெல்பியாவுக்குப் போய் ஆடியது. இவற்றையெல்லாம் மக்கள் முணுமுணுத்துக்கொண்டே சகித்துக்கொண்டார்கள். கோபம் வந்தது வேறோர் இடத்தில்.

டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாண அரசு ஜூன் 2-ஆம் தேதி சத்தமில்லாமல் ஒரு விதியை நிறைவேற்றியிருந்தது. போர்க்காலத்தில் மின் நிலையங்கள் முதலான பொதுச் சொத்துகளைக் காக்க 1939-இல் வந்த பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, மாநாட்டு வேலிக்குள் அடங்கிய இடங்களுக்குப் பொருத்தியது. அரசின் இணையச் சட்டத் தொகுப்பில் அது ஒரு மூலையில் ஏறியது. அச்சிட்ட அரசிதழில் வந்ததோ ஜூலை 3-ஆம் தேதி, தலைவர்கள் எல்லோரும் விமானம் ஏறிப் போன பிறகு! வேலியருகே அடையாளம் காட்ட மறுத்த ஒருவர் கைதானபோதுதான் நகரத்துக்கே விஷயம் தெரிந்தது. வேலியிலிருந்து ஐந்து மீட்டருக்குள் வரும் எவரையும் நிறுத்திச் சோதிக்கலாம், மறுத்தால் கைது செய்யலாம் என்று செய்தி பரவியது. காவல்துறைத் தலைவர் பில் பிளேர் அதைத் திருத்தவில்லை. மாநாடு முடிந்தபின் கேட்டபோது, அப்படி ஓர் ஐந்து மீட்டர் விதி இல்லவே இல்லை என்று அவரே சொன்னார்.

இப்போது வேலியை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் எந்த ஓரத்தில் நடந்தால் குடிமகன், எந்த ஓரத்தில் நடந்தால் சந்தேக நபர் என்று கண்ணால் அளந்து அளந்து நடக்க வேண்டும். அந்த அளவும் பொய் என்று சில நாள் கழித்துத் தெரிய வேண்டும். கோபம் வராதா? மாகாணத்தின் மக்கள் குறைதீர் அதிகாரி ஆந்த்ரே மாரின் அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு முழு அறிக்கையே எழுதினார். அந்த விதி அரசியலமைப்புக்கு முரணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். அதற்குள் நகரத்தில் 1,100 பேருக்கு மேல் கைதாகியிருந்தார்கள். 27-ஆம் தேதி மாலை குவீன், ஸ்பாடைனா சாலைகள் சந்திக்கும் இடத்தில், கொட்டும் மழையில், அந்த வழியாக வந்தவர்களையும் சேர்த்துப் போலீசார் மணிக்கணக்கில் வளைத்து நிறுத்தினார்கள். கைதானவர்கள் காவல்துறைமீது போட்ட வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து, 2020-இல்தான் 1.65 கோடி கனடா டாலருக்குச் சமரசம் ஆயிற்று. நீங்கள் சொல்லும் இரண்டு மூன்று நாள் சிலருக்குப் பத்து ஆண்டுகள் நீண்டது.

மாரத்தானைச் சொன்னீர்கள். நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. மாரத்தான் எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்குப் போகும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தவரிடம் நீ யார் என்று யாரும் கேட்பதில்லை.

மாநாட்டுக்கும் இதைச் செய்ய முடியாதா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2014 நவம்பரில் ஜி-20 நடந்தது. அந்த நகரம் அடங்கிய குயீன்ஸ்லாந்து மாநில அரசு அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2013-இலேயே, தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாதுகாப்பு வளையத்துக்குள் எதையெல்லாம் கொண்டுவரக்கூடாது என்ற பட்டியலில் முட்டை, பட்டம், ஊர்வன என்று விசித்திரமான சாமான்கள் இருந்தன. ஊரே சிரித்தது. மனித உரிமைக்காரர்கள் அந்தச் சட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பட்டியலை வைத்து முன்கூட்டியே சிரிக்கவும் சண்டை போடவும் முடிந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. டொராண்டோக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

சிரிப்பு என்றதும் 2007-இல் சிட்னியில் நடந்த ஏபெக் எனும் ஆசிய-பசிபிக் நாடுகளின் மாநாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகரத்தை ஊடறுத்து ஐந்து கிலோமீட்டர் வேலி. வெள்ளிக்கிழமையை விடுமுறை என்று அறிவித்து, முடிந்தவர்கள் ஊரைவிட்டு வெளியே போகலாம் என்றார்கள். ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் குழு வாடகைக் கார்களில் கனடாக் கொடியைக் கட்டிக்கொண்டு அணிவகுத்து வர, காவலர்கள் வழிவிட்டார்கள். இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டிய பிறகு ஒரு காரிலிருந்து பின்லேடன் வேடத்தில் ஒருவர் இறங்கினார். தன் வீட்டுக்குப் போகக் கையில் அட்டையோடு காத்து நின்ற சிட்னிவாசி அன்று என்ன நினைத்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. 2017 ஜூலை 7, 8 தேதிகளில் ஜி-20யை நகரத்தின் நடுவில் இருக்கும் கண்காட்சி அரங்கில் வைத்தார்கள். கூப்பிடு தூரத்தில் ஷான்சன்ஃபீர்டல், நெருக்கமாக மக்கள் வாழும் பகுதி, இடதுசாரி எதிர்ப்பு அரசியலுக்குப் பேர்போனது. இடத்தேர்வைக் கேள்விப்பட்ட அன்றே அங்கே இருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அப்போது மேயராக இருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸ், ஆண்டுதோறும் நடக்கும் துறைமுகப் பிறந்தநாள் விழாவை நடத்துவதுபோல இதையும் நடத்திவிடுவோம், மாநாடு முடிந்துவிட்டதா என்று 9-ஆம் தேதி சிலர் ஆச்சரியப்படுவார்கள் என்கிற மாதிரி பேசினார். பல்லாயிரக்கணக்கில் போலீஸ் இறங்கியது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஓயவில்லை. 7-ஆம் தேதி இரவு, எல்ப் இசை அரங்கில் தலைவர்கள் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்டுவிட்டு விருந்துக்குப் போன வேளையில், ஷான்சன்ஃபீர்டலில் கடைகள் சூறையாடப்பட்டன, நடுத்தெருவில் தீ எரிந்தது. போலீஸ் உள்ளே வரப் பல மணி நேரம் ஆயிற்று. வந்தபோது சிறப்பு அதிரடிப் படையாக, கையில் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தது.

லண்டனில் செத்தவர்கள் சாதாரண மக்கள் என்று மேலே குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஹாம்பர்க்கின் ஆத்திரம் போலீஸ் மிகுதியாக இருந்ததற்காக மட்டும் வந்ததில்லை. இத்தனை போலீஸ் இருந்தும் தன் தெருவுக்கு வரவில்லையே என்பதற்காகவும் வந்தது. பல நாட்களாக அட்டை காட்டியவர், பையைத் திறந்து காட்டியவர், சுற்றுவழியில் நடந்தவர், தனக்கு வேண்டிய ஓர் இரவில் யாரும் இல்லை என்று கண்டார். காவல் தன்னையும் உள்ளிட்டது என்றால் மனிதர்கள் எவ்வளவோ தாங்குவார்கள். தன்னிடமிருந்து வேறு யாரையோ காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தெரிந்த நிமிடத்தில் பொறுமை போய்விடுகிறது. ஷோல்ட்ஸ் பிறகு நகர மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து தெருக்களைக் கழுவினார்கள். எதற்கும் புலம்புகிறவர்கள் செய்கிற காரியமா இது?

உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டிய கேள்வி தியாகம் பற்றியது. யாருடைய தியாகம்? 2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் டெல்லியில் ஜி-20 நடந்தபோது 8-ஆம் தேதி முதல் மூன்று நாட்களுக்குப் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுமுறை. புதுடெல்லியில் உணவு விநியோகம் நின்றது. அதை வைத்துப் பிழைக்கும் இளைஞனுக்கு அது பட்டினி. நடைபாதைக் கடைகள் அதற்கும் முன்னாலேயே அகற்றப்பட்டன. சில குடிசைப் பகுதிகளைத் தலைவர்களின் கண்ணில் படாமல் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். குரங்குகளை விரட்ட, அவை அஞ்சும் லங்கூர் என்ற கருமுகக் குரங்கின் படங்களை ஆளுயரத்துக்கு வெட்டி நிறுத்தினார்கள். குரங்குக்கு ஒரு தட்டி, ஏழைக்கு ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருந்தவர்களால் யாருக்கு என்ன ஆபத்து? அதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூச்சமாக இல்லையா?

2001-இல் ஜெனோவாவிலும் இதே வேலைதான். ஜி-8 தலைவர்கள் வருவதால் ஜன்னல்களில் துணி உலர்த்த வேண்டாம் என்று இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி கேட்டுக்கொண்டார். ஜெனோவாக்காரர்கள் உள்ளாடைகளாகப் பார்த்துத் தேடி எடுத்துத் தொங்கவிட்டார்கள். இந்த வகை எதிர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதே ஜெனோவாவில் ஜூலை 20-ஆம் தேதி கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞர் காவலரின் குண்டுக்கு இறந்தார். மறுநாள் இரவு, போராட்டக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்த தியாஸ் பள்ளிக்குள் போலீஸ் புகுந்து அடித்ததைச் சித்திரவதை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது.

மலைக்குப் போவது பற்றி: போயிருக்கிறார்கள். ஜெனோவாவுக்கு அடுத்த ஆண்டே ஜி-8 கனடாவின் கனனாஸ்கிஸ் மலைப்பகுதிக்குப் போனது. 2025-இல் ஜி-7 (ரஷ்யா நீங்கிய ஜி-8) திரும்பவும் அங்கேயே கூடியது. ஜெர்மனி ஆல்ப்ஸ் அடிவாரத்து எல்மாவ் மாளிகையில் இரண்டு முறை நடத்தியது. ஏழெட்டுப் பேருக்கு அது சரிப்படும். இருபது நாடுகளின் தூதுக்குழுக்களுக்கும் ஆயிரக்கணக்கான பத்திரிகையாளர்களுக்கும் படுக்க இடம் வேண்டும், ஆகவே நகரங்கள் தப்பிக்க முடியாது. அப்படியானால் விதிகளை முன்னதாக அச்சில் கொடுங்கள், வரைபடத்தைத் தெருத்தெருவாக ஒட்டுங்கள், நஷ்டத்துக்கு ஈடு கொடுங்கள். ஹாம்பர்க்கில் மத்திய அரசும் நகரமும் சேர்ந்து 4 கோடி யூரோ வரை நிவாரண நிதி ஒதுக்கின. அதுவும் சேதத்துக்குக் கணக்குக் காட்ட முடிந்தவர்களுக்குத்தான் சுலபம். தள்ளுவண்டிக்காரரிடம் ரசீதுப் புத்தகம் கிடையாது. அவருக்கு எப்படிக் கொடுப்பது என்று மாநாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு தியாகத்தைப் பற்றி அவரிடம் பேசலாம்.

அன்புடன்.