என்.சி.சி. பொறுப்பை எடுத்துக்கொள்ளலாமா டீச்சர்?

கேள்வி: அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பார்த்த டீச்சர் ஓய்வு பெறுவதால், தலைமையாசிரியை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நான் கேடட்டாக இருந்ததே இல்லை. வீட்டில் நாலு வயதுப் பையன். என் தம்பி என்.சி.சி.யில் 'சி' சர்டிஃபிகேட் வாங்கியவன், ஐ.டி.யில் இருக்கிறான். எனக்குப் பதில் அவன் வரலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி வர முடியாது. பள்ளியின் என்.சி.சி. ஆபீசர் அந்தப் பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். தம்பியிடம் சர்டிஃபிகேட் இருப்பதால் இது மாறிவிடாது. பழைய கேடட்களுக்கென்று 2021 நவம்பரில் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள், அதில் சேரட்டும்.

உங்களுக்கு வருவோம். நானும் கணக்கு டீச்சர்தான், கேடட்டாக இருந்தவளும் இல்லை. 31 வயதில் பயிற்சிக்காகக் குவாலியர் போனபோதுதான் முதன்முதலாகப் பேண்ட் போட்டேன். முந்தானையைச் செருகிச் செருகிப் பழகிய கை, பெரேடு மைதானத்திலும் இடுப்பைத் தேடியது. கமாண்ட் எல்லாம் இந்தி. 'தாஹினே முட்', அதாவது வலப்பக்கம் திரும்பு, என்றதும் இடப்பக்கம் திரும்பி, கேரளத்து டீச்சர் ஒருவரின் மூக்குக்கு நேரே நின்றேன். அன்று ராத்திரியே வலது மணிக்கட்டில் பேனாவால் 'தா' என்று எழுதிக்கொண்டேன். பயிற்சியை முடித்தால் பள்ளி ஆசிரியருக்குத் தேர்ட் ஆபீசர் பட்டம். கல்லூரி என்றால் லெப்டினன்ட். மதிப்பூதியத்தை நம்பி எந்தக் கடனும் வாங்கிவிடாதீர்கள்.

டிரில் சொல்லித்தர பட்டாலியனிலிருந்து ஹவில்தார்கள் வருவார்கள். நம் வேலை பிள்ளைகளும் ரெஜிஸ்டரும். 'ஏ' சர்டிஃபிகேட் பரீட்சைக்கு 75 சதவீத வருகை வேண்டும். வெள்ளாமைக் காலத்தில் நாலு பெரேடுக்கு வராத பிள்ளையை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்திருக்கிறேன்.

பத்து நாள் கேம்பில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு முறை, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அங்கேயே வயசுக்கு வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி. அம்மாவுக்குப் போன் போட்டால், "தாய்மாமன் வராம தலைக்குத் தண்ணி ஊத்திராதீங்க டீச்சர்" என்று அழுகிறார். காலையில் ஃபயரிங். பிள்ளையோ, "சுட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்கிறது. அந்த அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினேன், பிள்ளையிடம் கால்மணி நேரம். மாமன் வேன் பிடித்து வருவதற்குள் அவள் ஐந்து குண்டும் சுட்டு முடித்திருந்தாள். இதற்கெல்லாம் குவாலியரில் பாடம் கிடையாது. பள்ளியில் நீங்கள் தினமும் செய்வதுதான்.

நான் யோசிக்கச் சொல்வது உங்கள் பையனைப் பற்றித்தான். பயிற்சி வாரக்கணக்கில் நீளும், நடுவில் ஊருக்கு ஓடிவர முடியாது. 'பார்த்துக்கொள்வார்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ராத்திரி அவனை யார் தூங்கவைப்பது என்பதுவரை வீட்டில் பேசிவிடுங்கள். இந்த வருஷம் தோதுப்படாவிட்டால், இப்போதைக்குக் கேர்டேக்கராக மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் கேளுங்கள். ஆபீசர் பட்டம் இருக்காது, வேலை மட்டும் இருக்கும். ஒரு வருஷத்தில் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

போவது என்று முடிவானால், பூட்ஸை ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டு மாடியில் போட்டு நடந்து பழகுங்கள். நான் புதுசோடு போய், முதல் வாரம் முழுக்கக் குதிகால் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.