காற்றுத்தரமானி பொய் சொல்கிறதா?

கேள்வி: எண்ணூரில் குடியிருக்கிறோம். மகன் சின்னதாக ஒரு காற்றுத்தரமானி வாங்கி மாடியில் மாட்டியிருக்கிறான். விடியற்காலை பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி) அளவு 140, மதியம் 35. கருவி கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி

பதில்: கெடவில்லை அம்மா, கொஞ்சம் மிகைப்படுத்துகிறது. எங்கள் வீட்டுக் கருவியும் இப்படித்தான் என்னைப் பயமுறுத்தியது. இந்த மலிவான கருவிகள் லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுபவை. கடலோரத்து உப்புத்துகள் விடியற்காலை ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். கருவி அதையும் பெரிய தூசியாக எண்ணிவிடும்.

அதற்காக 140 முழுக்கப் பொய் என்று விட்டுவிடாதீர்கள். இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். புகை தாழ்வாகத் தங்கும். மதியம் கடற்காற்று ஏறியதும் கலைந்துவிடும்.

மகனிடம் சொல்லி ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணலி நிலையத்தின் பிஎம் 2.5 அளவோடு மணிக்கு மணி ஒப்பிடலாம். ஒற்றை நேரத்து எண்ணை விடுங்கள், 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். நம் நாட்டு வரம்பு அதுதான். உலக சுகாதார நிறுவனம் 15 போதும் என்கிறது!

அப்புறம், ராத்திரி மாடியில் ஒரு வெள்ளைத் தட்டை வையுங்கள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்துவிடும். கரையாமல் அடியில் கறுப்பாக நிற்பது கடலிலிருந்து வந்ததல்ல.