ஸ்விட்சில் விலான் 20-இல் (VLAN, ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த வலையமைப்பு) போர்ட்டைச் சேர்த்தும் கணினிக்கு ஐபி முகவரி வரவில்லையே, ஏன்?

போர்ட் 5-ஐ விலான் 20-இல் அன்டேக்டு ஆக, அதாவது விலான் எண்ணைக் குறிக்கும் டேக் இல்லாமல், சேர்த்தது சரிதான். ஆனால் அதன் பிவிஐடி (PVID, போர்ட்டின் இயல்பு விலான் எண்) இன்னும் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கணினி அனுப்பும் ஃபிரேமில் (தரவுப் பொட்டலத்தில்) டேக் இருக்காது. அப்படி உள்ளே வருவது எந்த விலானைச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது பிவிஐடி. உறுப்பினர் பட்டியலோ, எது அந்தப் போர்ட் வழியே வெளியேறலாம், டேக்கோடா இல்லாமலா என்பதைச் சொல்கிறது. ஆகவே ஐபி முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கை விலான் 1-க்குள் போய்விடுகிறது, விலான் 20-இன் சர்வருக்கு எட்டுவதே இல்லை.

பிவிஐடியை 20 ஆக்குங்கள். அதன் பிறகே போர்ட் 5-ஐ விலான் 1-இலிருந்து நீக்குங்கள். வரிசை மாறினால் பல ஸ்விட்சுகள் மறுத்துவிடும். நீக்காமல் விட்டால் விலான் 1-இன் பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் செய்தி) எல்லாம் இந்தக் கணினிக்கும் கசியும்.

ரவுட்டருக்குப் போகும் போர்ட் விலான் 20-இல் டேக்டு ஆக இருக்க வேண்டும், ரவுட்டரிலும் அதே எண்ணில் இன்டர்ஃபேஸ் வேண்டும்.

தயவுசெய்து, நீங்கள் எந்தப் போர்ட் வழியே ஸ்விட்சின் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறீர்களோ, அதை மட்டும் விலான் 1-இலிருந்து எடுக்காதீர்கள். இணைப்பு அறுந்தால் ரீசெட் பொத்தானே கதியாகிவிடும். சில மாடல்களில் அமைப்பைத் தனியாகச் சேமிக்காவிட்டால் மின்சாரம் போனதும் செய்த மாற்றமெல்லாம் அழிந்துவிடும்.