செம்பனைத் தோட்டத்தில் எலிக் காய்ச்சல் எப்படித் தொற்றுகிறது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் அண்ணனை எலி கடிக்கவே இல்லை, பிறகு எலிக் காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடிக்க வேண்டியதே இல்லை. லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உதிர்ந்த பழத்தைத் தேடி எலிகள் மரத்தடிக்கு வரும். அங்கேதான் அண்ணனும் குனிந்து பழம் பொறுக்குகிறார். அவர் கையைப் பாருங்கள், முள் கீறிய கோடுகள் இருக்கும். அந்தக் கீறல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வரும். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலையே இதுதான். கிளினிக்கில் நுழைந்ததும் "தோட்டத்தில் வேலை" என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே போனால் டாக்சிசைக்ளின் போன்ற மருந்து நன்றாகக் கேட்கும். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல் பழுதாகலாம்.

பூட்ஸ், கையுறை, புண்ணுக்குப் பிளாஸ்டர், சாப்பிடும் முன் சோப்பு. அப்புறம், தோட்டத்தில் ஆந்தைக்கூண்டு இருந்தால் கலைக்காதீர்கள். எலியைக் குறைக்கத்தான் அதை வைக்கிறார்கள்.